பட்டுப்புழுவைக் காத்த பாஸ்டர்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

லூயி பாஸ்டர் என்ற பெயரைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, வெறிநாய்க்கடிக்கு அவர் கண்ட தடுப்பு மருந்து. மற்றொன்று, அவர் பெயராலேயே வழங்கும் பால் பதப்படுத்தும் முறை. ஆனால் அந்த மாமேதை தம் வாழ்நாளில் ஐந்து ஆண்டுகளை ஒரு சிறு புழுவின் நோயோடு போராடுவதிலேயே செலவிட்டார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பட்டுக்கூடு அங்காடியும், மல்பெரித் தோட்டங்களும், வீட்டுக்கு வீடு புழு வளர்ப்பு மனைகளும் நிறைந்த தருமபுரி மாவட்டத்தில் பயிலும் நாம் அந்த ஐந்து ஆண்டுகளை அறிந்திருக்க வேண்டாமா?

அந்த வரலாற்றில் நமக்கு மற்றொரு பாடமும் அடங்கியிருக்கிறது. காட்டில் வாழும் பூச்சிகளுக்கும் நோய் வருகிறது. அந்நோய் காடு முழுவதும் பரவாமல் தடுப்பது யார்? சில வேளைகளில் அதைப் பரப்புவதும் யார்? இக்கேள்விகளுக்கு விடை தேடப் புறப்பட்டால் பாஸ்டரின் வாழ்க்கை நமக்கு நல்ல வழிகாட்டியாக அமைகிறது.

இளமையும் கல்வியும்

பிரான்சு நாட்டின் கிழக்குப் பகுதியில் உள்ள டோல் என்னும் சிற்றூரில் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் பாஸ்டர் பிறந்தார். தந்தை நெப்போலியனின் படையில் பணியாற்றித் திரும்பியவர். தோல் பதனிடும் தொழில் செய்து குடும்பத்தைக் காத்தவர். பின்னர் அக்குடும்பம் ஆர்புவா என்னும் ஊரில் குடியேறியது. ஆற்றங்கரை வீட்டின் கீழே தோல் ஊறும் தொட்டிகள். அவற்றினருகே பிள்ளைகளின் விளையாட்டு. தந்தைக்கு ஒரே ஆசைதான்: தாம் அடைய முடியாத கல்வியை மகன் அடைய வேண்டும்.

சிறுவன் பாஸ்டர் முதல் மதிப்பெண் வாங்கிய மாணவன் அல்லன். படம் வரைவதில்தான் அவனுக்கு நாட்டம் மிகுதி. 1838-இல் மேற்படிப்புக்காகப் பாரிசுக்கு அனுப்பப்பட்டான்; ஆனால் வீட்டு நினைவு வாட்டவே சில வாரங்களிலேயே தந்தையுடன் ஊர் திரும்பிவிட்டான். ஊரை விட்டு நகரத்து விடுதிக்கு வந்த நம்மில் பலருக்கு இது புதுக் கதை அன்று! பின்னர் பெசான்சோனில் பயின்று 1842-இல் அறிவியல் தேர்வில் தேறியபோது, வேதியியலில் அவர் பெற்ற தரம் மிகச் சாதாரணமானது. அந்த மாணவர்தான் பிற்காலத்தில் வேதியியலின் போக்கையே மாற்றினார்.

1843-இல் பாரிசின் புகழ்பெற்ற எக்கோல் நார்மல் கல்லூரியில் சேர்ந்தார். 1848-இல் டார்டாரிக் அமிலப் படிகங்களில் இடம்புரி, வலம்புரி என இருவகை இருப்பதை உருப்பெருக்கியின் துணையோடு பிரித்துக் காட்டிப் பெரியோரின் பாராட்டைப் பெற்றார். 1849-இல் மரீ லோரன் என்னும் நற்குண மங்கையை மணந்தார். 1854-இல் லில் நகரில் பேராசிரியரானார். அங்கே புளிப்பேறுதலை ஆராய்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே அதற்குக் காரணம் என்று கண்டார். 1857-இல் தாம் பயின்ற கல்லூரிக்கே பணியாற்றத் திரும்பினார்.

பட்டு நாட்டில் பஞ்சம்

அக்காலத்தில் தென் பிரான்சின் ஊர்கள் பட்டால் வாழ்ந்தன. 1853-இல் அந்நாட்டின் பட்டுக்கூடு விளைச்சல் ஏறத்தாழ 2 கோடியே 60 இலட்சம் கிலோ. 1865-இல் அது வெறும் 40 இலட்சம் கிலோவாகச் சுருங்கிவிட்டது. காரணம், பெப்ரைன் என்னும் நோய். மிளகுப் பொடி தூவியது போலப் புழுவின் உடலில் கரும்புள்ளிகள் தோன்றியமையால் இப்பெயர் வந்தது. சில புழுக்கள் முட்டையிலிருந்து வெளிவந்ததுமே மடிந்தன. சில தோலுரிக்க இயலாமல் நின்றன. சில இலை தின்னாமல் சுருங்கின. மல்பெரி மரங்கள் கவனிப்பாரற்று நின்றன. உழவர் குடும்பங்கள் ஊரை விட்டு வெளியேறத் தொடங்கின. 3500-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு அரசுக்கு விண்ணப்பம் அளித்தனர்.

பாஸ்டரின் ஆசிரியரும் ஆட்சி மன்ற உறுப்பினருமான தூமா, நோய் வாட்டிய அலே வட்டாரத்தைச் சேர்ந்தவர். அவர் பாஸ்டரை அழைத்து இப்பணியை ஏற்குமாறு கேட்டுக்கொண்டார். பாஸ்டரோ பட்டுப்புழுவைக் கையால் தொட்டதும் இல்லை. ஆயினும் ஆசிரியரின் சொல்லைத் தட்டாமல் 1865 ஜூன் மாதத்தில் புறப்பட்டார். வழியில் அவிஞோன் நகரில் பூச்சியியல் அறிஞர் ஃபாபரைச் சந்தித்தார். கூட்டைக் கையில் எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்து, உள்ளே ஏதோ இருக்கிறதே என்று பாஸ்டர் வியந்தாராம். கூட்டுக்குள் கூட்டுப்புழு உறங்குவதைக் கூட அறியாத ஒருவர் பட்டுத்தொழிலைக் காக்கக் கிளம்பியிருக்கிறாரே என்று ஃபாபர் அப்போது திகைத்ததையும், அந்தத் துணிவைப் பின்னர் போற்றியதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். நம் மாவட்டத்தில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த செய்தி அந்த மேதைக்கு அன்று தெரியவில்லை! தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு கேட்டறிவதுதான் அறிவியலின் முதற்படி போலும்.

துயரத்தின் நடுவே தொண்டு

பாஸ்டர் அலே வந்து சேர்ந்த சில நாள்களிலேயே தந்தை இறந்த செய்தி வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் இரண்டு வயது மகள் கமீல் மறைந்தாள். அடுத்த ஆண்டு மே மாதத்தில் பன்னிரண்டு வயது மகள் செசில் குடற்காய்ச்சலுக்கு இரையானாள். மூத்த மகள் ஜான் 1859-இலேயே அதே நோயால் இறந்திருந்தாள். பெற்ற பிள்ளைகளை நோய்க்குப் பறிகொடுத்த ஒரு தந்தைதான், யாரோ ஓர் உழவரின் புழுக்களைச் சாவிலிருந்து மீட்க உருப்பெருக்கியின் முன் குனிந்திருந்தார்.

அலேவுக்கு அருகில் போன் ழிஸ்கே என்ற இடத்தில் ஒரு வீட்டை அமர்த்திக்கொண்டார். மனைவி மரீயும் எஞ்சியிருந்த மகளும் புழு வளர்ப்பில் கைகொடுத்தனர். ஜெர்னே, துக்ளோ, மாய்யோ, ரோலன் ஆகிய இளம் உதவியாளர்கள் உடனிருந்தனர். நம் ஊர் மனைகளில் நடப்பது போலவே அங்கும் அது குடும்பம் முழுவதும் கூடிச் செய்த வேலை.

நோயுற்ற புழுக்களின் உடலில் முட்டை வடிவமான மிகச்சிறு மணிகள் இருப்பதை இத்தாலிய அறிஞர்கள் முன்னரே கண்டிருந்தனர். அவற்றின் நீளம் மூன்று நான்கு மைக்ரான்தான். அவை நோயின் விளைவு மட்டுமே, காரணம் அல்ல என்று பாஸ்டர் முதலில் கருதினார். அவை வெளியிலிருந்து வந்த ஒட்டுண்ணிகளே என்று பேஷாம் என்பவர் வாதிட்டபோதும் அவர் ஏற்கவில்லை. ஆனால் ஜெர்னே செய்த சோதனைகள் வேறு உண்மையைக் காட்டியபோது, 1867-இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். இன்று நாம் அந்த மணிகளை நொசீமா பாம்பிசிஸ் என்ற நுண்ணுயிரியின் விதைத்துகள்கள் என்று அறிவோம்.

நோய் பரவும் வழிகளை அவர் ஒவ்வொன்றாகக் கண்டறிந்தார். நோயுற்ற புழுவை நசுக்கிக் கலந்த நீரை இலைமீது தடவிக் கொடுத்தால் நல்ல புழுவுக்கும் நோய் வந்தது. நோயுற்ற புழுவின் எச்சம் பட்ட இலையும் அவ்வாறே நோயைத் தந்தது. ஒரு புழு மற்றொன்றின் மீது ஊர்கையில் கால் நகங்கள் கீறிய காயத்தின் வழியாகவும் நோய் நுழைந்தது. எல்லாவற்றிலும் கொடியது, தாய் அந்துப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்குச் செல்லும் நோய். கடைசிப் பருவத்தில் நோய் தொற்றிய புழு நல்ல கூடே கட்டும். பார்த்தவர் எவரும் ஐயுறமாட்டார். ஆனால் அதிலிருந்து வரும் அந்து இடும் நானூறு ஐந்நூறு முட்டைகளில் அடுத்த பருவத்தின் அழிவு ஒளிந்திருக்கும்.

காட்டில் யார் காவல்?

இங்கே சற்று நின்று சிந்திப்போம். இத்தகைய நோய்கள் காட்டுப் பூச்சிகளுக்கும் உண்டு. பெப்ரைன் போன்ற நுண்ணுயிரிகளும், நம் உழவர்கள் பால்நோய் என்று சொல்லும் வைரசு நோயின் உறவு நோய்களும் காட்டுக் கம்பளிப்புழுக்களைத் தாக்குகின்றன. தேக்கின் இலையைச் சல்லடையாக்கும் புழுவிலும் அத்தகைய வைரசு உண்டு என்பதைக் கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் நிலம்பூர்த் தேக்குத் தோட்டங்களில் ஆராய்ந்துள்ளனர். அவ்வாறிருந்தும் காட்டில் நோய் எப்போதும் எல்லாவற்றையும் அழித்துவிடுவதில்லையே, ஏன்?

காட்டில் புழுவைத் தின்ன ஆயிரம் வாய்கள் காத்திருக்கின்றன. மைனாவும் கரிச்சானும் கொத்துகின்றன. குளவி தூக்கிச் செல்கிறது. எறும்பு இழுத்துச் செல்கிறது. கொலைகார நாவாய்ப்பூச்சி ஊசி போன்ற அலகால் உறிஞ்சுகிறது. நோயுற்ற புழு மெல்ல நகரும், ஒளிந்துகொள்ளாது, எளிதில் அகப்படும். அது எச்சமிட்டு நோயைப் பரப்பும் முன்பே ஓர் இரைகொல்லி அதை அகற்றிவிட்டால், அந்த மரத்தின் மற்றப் புழுக்கள் தப்புகின்றன. மேலும், இரைகொல்லிகள் புழுக்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுவதால் ஒன்றோடொன்று நெருங்கும் வாய்ப்பும் குறைகிறது. நெருக்கம் குறைந்தால் தொற்றும் குறையும். இரைகொல்லிகள் நோயுற்றவற்றைக் களைந்து கூட்டத்தைத் தூய்மையாக வைக்கக்கூடும் என்ற இக்கருத்தை 2003-இல் சூழலியல் அறிஞர் சிலர் கணித முறையில் விளக்கினர்.

பட்டுப்புழுவின் கதையோ வேறு. மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாக அதைக் கூரையின் கீழ் வளர்த்து வந்திருக்கிறான். பறவை வராமல் சுவர் எழுப்பினான். எறும்பு ஏறாமல் தட்டுக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தான். 1980-இல் கர்நாடகத்தில் நுழைந்த ஊஜி ஈக்கு அஞ்சி இன்று வலையும் கட்டுகிறான். இரைகொல்லிகளிடமிருந்து புழுவைக் காத்தது சரியே. ஆனால் நோயுற்ற புழுவைத் தேடி அகற்றும் காவலனையும் அவனே வெளியே நிறுத்திவிட்டான். ஒரு தட்டில் நூற்றுக்கணக்கான புழுக்கள். ஒன்றின் மீது ஒன்று ஊர்ந்து ஒரே இலையைத் தின்கின்றன. அங்கே ஒரு புழுவின் நோய் சில நாள்களில் ஒரு மனையின் நோயாகிறது.

பாஸ்டர் செய்தது என்ன? வெளியே நிறுத்தப்பட்ட அந்தக் காவலனின் வேலையை உருப்பெருக்கியிடம் ஒப்படைத்தார். ஒவ்வோர் இணையையும் தனித்தனியே பிரித்து வைத்துத் தாய் அந்தினைத் தனித் துணியில் முட்டையிடச் செய்தார். முட்டையிட்டு முடித்த தாயை அரைத்து ஒரு துளியை உருப்பெருக்கியில் நோக்கினார். மணிகள் தென்பட்டால் அந்த முட்டைகள் தீக்கு இரையாயின. தென்படாவிட்டால் அடுத்த பருவத்துக்கு விதையாயின. மருந்து ஒன்றும் இல்லை. நோயுற்றதைத் தேடிக் கண்டு அகற்றுவதே மருத்துவம். பறவை கண்ணால் கண்டு செய்வதை இவர் கண்ணுக்கும் எட்டாத அளவில் செய்தார் எனலாம்.

இரைகொல்லி எப்போதும் நண்பனா?

ஆனால் இதில் ஒரு சிக்கலும் உண்டு. எங்கள் ஊரில் பால்நோய் கண்ட புழுக்களைத் தட்டிலிருந்து பொறுக்கி வாசலில் மேயும் கோழிகளுக்கு வீசுவார்கள். வீணாகாமல் கோழிக்கு இரையாகட்டும் என்ற எண்ணம்தான். விளைவு என்ன? இந்த வைரசு ஒரு புரதப் பளிங்குக்குள் அடைபட்டிருக்கிறது. புழுவின் குடல் மிகுந்த காரத்தன்மை உடையது. அங்கேதான் அப்பளிங்கு கரைந்து வைரசு வெளிப்படும். பறவையின் இரைப்பையோ அமிலத்தன்மை உடையது. ஆகவே பளிங்கு கரையாமல் எச்சத்தோடு வெளியேறக்கூடும். கோழி கால் போன இடமெல்லாம் நோயின் விதை விழுகிறது. மல்பெரித் தோட்டமும் அதற்கு விலக்கன்று. இதனால்தான் நோயுற்ற புழுக்களைக் கோழிக்குப் போடாமல், சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கரைத்த நீரில் போட்டு அழிக்க வேண்டும் என்று பட்டு வளர்ச்சித் துறையினர் வற்புறுத்துகின்றனர்.

காட்டிலும் இதே கதைதான். இதற்குச் சான்று, பாஸ்டரின் காலத்திலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி. துருவெலோ என்னும் பிரெஞ்சுக்காரர் அமெரிக்காவில் குடியேறிப் பட்டு தரும் அந்துகளை வளர்த்துப் பார்த்தவர். 1860-களின் இறுதியில் அவர் ஐரோப்பாவிலிருந்து ஜிப்சி அந்தின் முட்டைகளை மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள மெட்ஃபோர்டுக்குக் கொண்டு சென்றார். சில அந்துகள் தப்பிக் காட்டுக்குள் நுழைந்தன. அன்று தொடங்கிய அழிவு இன்றும் தீரவில்லை. ஓக் காடுகள் சில ஆண்டுகளில் இலையின்றி நிற்கின்றன. அங்கே அப்புழுவைத் தாக்கும் வைரசு, பறவைகளின் எச்சத்தின் வழியாக உயிரோடு புதிய இடங்களுக்குச் செல்வதை 1970-களில் ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். தின்று அகற்றும் அதே பறவை சுமந்து பரப்பவும் செய்கிறது!

2004-இல் வெளியான ஓர் ஆய்வு இந்தப் புதிரை மேலும் தெளிவாக்கியது. ஜிப்சி புழுக்கள் குறைவாக இருக்கும்போது சுண்டெலி போன்ற இரைகொல்லிகள் அவற்றை அடக்கி வைக்கின்றன. ஏதோ ஒரு காரணத்தால் புழுக்கள் பெருகிவிட்டால், இரைகொல்லிகளின் வயிறு நிரம்பிவிடுகிறது. தின்று தீர்க்க முடிவதில்லை. அந்த நெருக்கத்தில்தான் வைரசு பரவிப் புழுக்கூட்டத்தைச் சரிக்கிறது. இரைகொல்லி மட்டுமோ நோய் மட்டுமோ அன்று, இரண்டும் சேர்ந்தே காட்டின் கணக்கை எழுதுகின்றன. எனவே இரைகொல்லி நண்பனா பகைவனா என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிட முடியாது. எந்த நோய், எந்த இரைகொல்லி, எவ்வளவு நெருக்கம் என்று பார்த்தே விடை சொல்ல வேண்டும்.

பக்கவாதமும் பெருவெற்றியும்

மீண்டும் பாஸ்டரிடம் வருவோம். 1868 அக்டோபர் 19-ஆம் நாள் பக்கவாதம் அவரைத் தாக்கியது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்துதான். இடக்கையும் இடக்காலும் செயலிழந்தன. பிழைப்பது அரிது என்றனர் மருத்துவர். ஆனால் படுக்கையில் கிடந்தபடியே ஆராய்ச்சிக் குறிப்புகளைச் சொல்லி எழுதச் செய்தார். மூன்று மாதங்களுக்குள், 1869 ஜனவரியில், மற்றவர் தாங்கிச் செல்ல மீண்டும் பட்டு நாட்டுக்கே போய்ச் சேர்ந்தார்.

அவருடைய முறையை நம்பாதோர் பலர். லியோன் நகரத்துப் பட்டு ஆணையத்தார் அவரைச் சோதிக்க விரும்பினர். பாஸ்டர் அவர்களுக்கு நான்கு வகை முட்டைகளை அனுப்பினார். முதல் வகை நலமாக வளரும். இரண்டாவது பெப்ரைனால் மடியும். மூன்றாவது பிளாச்சரி என்னும் குடல்நோயால் மடியும். நான்காவது இரண்டாலும் மடியும் என்று முன்கூட்டியே தெரிவித்தார். சொன்னது சொன்னபடியே நடந்தது! அடுத்து, திரியெஸ்தே நகரத்துக்கு அருகில் அரச குடும்பத்துக்குரிய வில்லா விசெந்தீனா பண்ணையில், பல ஆண்டுகளாகப் பட்டில் இலாபமே காணாத நிலத்தில், அவர் தேர்ந்தெடுத்த முட்டைகள் நல்ல விளைச்சலைத் தந்தன. 1870-இல் பட்டுப்புழு நோய்கள் பற்றிய அவருடைய நூல் இரு தொகுதிகளாக வெளிவந்தது.

அதன்பின் அவர் வாழ்ந்த இருபத்தைந்து ஆண்டுகளும் காலை இழுத்து நடந்தபடியே கழிந்தன. ஆனால் அவருடைய பெரும் வெற்றிகள் அந்த ஆண்டுகளில்தான் வந்தன. ஆட்டையும் மாட்டையும் கொல்லும் அடைப்பான் நோய்க்கு 1881-இல் தடுப்பூசி. 1885 ஜூலை 6-ஆம் நாள் வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு மருந்து. 1888-இல் பாரிசில் அவர் பெயரால் ஆராய்ச்சி நிலையம். புழுவிடம் கற்ற பாடம்தான், நோய் ஓர் உயிரியால் வருகிறது, ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குச் செல்கிறது, அந்த வழியை அடைத்தால் நோய் அடங்கும் என்ற உறுதியை அவருக்கு அளித்தது. 1895 செப்டம்பர் 28-ஆம் நாள் அப்பெருமகனார் மறைந்தார். 1907-இல் நம் குன்னூரில் வெறிநாய்க்கடி மருத்துவத்துக்கென நிறுவப்பட்ட நிலையமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நமக்கு உள்ள கடமை

இன்றும் நம் பட்டு வித்தகங்களில் முட்டையிட்ட தாய் அந்தினை அரைத்து உருப்பெருக்கியில் சோதிக்கிறார்கள். நோயற்ற முட்டை என்ற பெயரோடு உழவர் கைக்கு வரும் ஒவ்வோர் அட்டைக்கும் பின்னே, கால் இழுத்து நடந்த அந்த மனிதரின் உழைப்பு இருக்கிறது. ஒரு பருவம் தவறினால் வட்டிக்கு வாங்கிய கடன் ஏறும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் தள்ளிப்போகும். இதை நாம் ஏட்டில் படித்து அறிய வேண்டியதில்லை.

கூரையின் கீழ் வளரும் புழுவுக்கு நாமே காவலர். நோயுற்றதை அன்றன்றே தேடி அகற்றும் கை நம் கையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பென்னாகரத்துக் காட்டுக்கும், சித்தேரி மலைக்கும், தீர்த்தமலைச் சாரலுக்கும் உருப்பெருக்கி ஏந்திய காவலரை நாம் அனுப்ப முடியாது. அங்கே கரிச்சானும் குளவியும் எறும்பும் கூலியின்றி வேலை செய்கின்றன. கண்ட கண்ட நஞ்சைத் தெளித்து அவற்றை அழித்துவிட்டால், அவை செய்த வேலையை நாம் செய்தாக வேண்டும். அது நம்மால் ஆகாத வேலை. அவை நன்மை செய்யும் இடம் எது, நோயைச் சுமந்து செல்லும் இடம் எது என்பதைப் பொறுமையாகக் கண்டறிவது விலங்கியல் மாணவர்களாகிய நமக்குக் காத்திருக்கும் பணி. அதற்கு வேண்டியவை ஓர் உருப்பெருக்கியும், உண்மையைக் கண்டால் கருத்தை மாற்றிக்கொள்ளும் உள்ளமும்தான். முன்னது நம் ஆய்வகத்தில் இருக்கிறது. பின்னதை நாம்தான் வளர்த்துக்கொள்ள வேண்டும்.